உள்ளங்கையில் ஓர் இரும்பாலை

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் பயணிப்போர், சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டதை அதன் நெடியைக் கொண்டே அறிந்துகொள்வர். 1980-களில் உருவான அந்தத் தொழிற்பேட்டையில் இரசாயனம், மருந்து, சாயம் சார்ந்த ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. மாவட்டத்தின் தொழில் வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று எண்ணுவோர் பலர். ஆனால், அதற்குத் தெற்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள பரங்கிப்பேட்டையில் 1830-லேயே ஊதுலை அமைக்கும் பணி தொடங்கிவிட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், பதவியைத் துறந்துவிட்டு நிறுவிய இரும்பாலை அது. சேலம் பகுதியின் இரும்புத் தாதுவும் காடுகளில் எரித்தெடுத்த மரக்கரியும் அதற்கு மூலப்பொருள்கள். அங்கு உருவான வார்ப்பிரும்பு கப்பலேறி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வரை சென்றது. வேல்ஸில் 1850-இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்துக்கும் இந்த இரும்பு பயன்பட்டதாகக் குறிப்புகள் உண்டு. உருக்குத் தயாரிப்பில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றவரும் இதே ஹீத்தான். கடனும் நட்டமும் துரத்த, 1860-களில் பரங்கிப்பேட்டை உலை அணைந்தது. அதை நடத்திய நிறுவனமும் 1874-இல் கலைக்கப்பட்டது.

இத்தகைய ஆலை எப்படி இயங்கியது என்பதை இன்றைய மாணவர் ஒருவருக்கு எவ்வாறு விளக்குவது? புகைப்படம் போதாது, கணினித் திரையில் சுழலும் படமும் ஓரளவுக்கே உதவும். உலகின் தொழில்நுட்ப அருங்காட்சியகங்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் வழி ஒன்று உண்டு. பழைய எந்திரத்தை அளவு குறைத்து, அதே உலோகங்களால், அதே முறையில் இயங்கும்படி கையாலேயே செய்து வைப்பதுதான் அது. பொம்மை செய்யும் வேலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. முழு எந்திரத்தைச் செய்வதைக் காட்டிலும் சில இடங்களில் இது கடினமானது.

முதல் சிக்கல் கணக்கில் இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டும் சுழல்வாளி எந்திரங்களில் மிகப் பெரியவற்றின் ஒவ்வொரு வாளியும் 1,400 லிட்டர் கொள்ளளவு கொண்டது. அந்த எந்திரத்தை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால், வாளியின் கொள்ளளவு ஐம்பதில் ஒரு பங்காக நிற்பதில்லை. நீளம், அகலம், ஆழம் மூன்றும் சுருங்குவதால் அது 1,25,000-இல் ஒரு பங்காகி, ஏறத்தாழ 11 மில்லி லிட்டராக, அதாவது இரண்டு தேக்கரண்டி அளவாகக் குறைந்துவிடும். பரப்பளவோ 2,500-இல் ஒரு பங்காக மட்டுமே குறையும். கன அளவு சுருங்கும் வேகத்தில் பரப்பளவு சுருங்காது என்பதே மாதிரி செய்வோர் முதலில் கற்கும் பாடம்.

இந்தப் பாடம்தான் உலக வரலாற்றையே திருப்பியது. 1763-64 குளிர்காலத்தில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான நியூகோமன் நீராவி எந்திரத்தின் சிறு மாதிரியொன்று பழுதுபார்க்க ஜேம்ஸ் வாட்டிடம் வந்தது. பழுதை நீக்கிய பிறகும் அது சில வீச்சுகளிலேயே நின்றுபோனது. சிறிய உருளையில் நீராவியின் அளவுக்கு ஒப்பிட உலோகப் பரப்பு மிக அதிகம். ஒவ்வொரு முறையும் உருளையைக் குளிர்வித்துச் சூடேற்றுவதிலேயே நீராவி வீணாகிறது என்று வாட் கண்டார். பெரிய எந்திரத்தில் கண்ணுக்குப் படாத குறையை மாதிரி காட்டிக்கொடுத்தது. 1765-இல் அவர் எண்ணத்தில் உதித்த தனிக் குளிர்கலன், தொழிற்புரட்சிக்கு உந்துவிசையானது.

அடுத்தது கைவேலை. இருபதில் ஒரு பங்கு அளவில் கொதிகலன் ஒன்றைச் செய்வதாகக் கொள்வோம். உண்மையில் 20 மில்லி மீட்டர் குறுக்களவு கொண்ட தறையாணி இங்கே ஒரு மில்லி மீட்டராகிவிடும். 6 மில்லி மீட்டர் தகடு 0.3 மில்லி மீட்டராகும். அவ்வளவு மெல்லிய தகடு நீராவியின் அழுத்தத்தைத் தாங்காது. எனவே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அளவுக்கு உண்மையாகவும், உள்ளே வலிமைக்கு ஏற்றவாறும் எதை எவ்வளவு மாற்றுவது என்று செய்பவர்தான் முடிவெடுக்க வேண்டும். இந்த முடிவுகளைத் தொழில் அறிந்தவரால் மட்டுமே எடுக்க முடியும்.

சிறு கொதிகலனுக்குப் பெரும்பாலும் செம்பே பயன்படுகிறது. தகட்டைக் கட்டையின்மேல் வைத்து மரச் சுத்தியலால் தட்டி விளிம்பை மடக்குவர். தட்டத் தட்டச் செம்பு இறுகும். இறுகிய பின்னும் தட்டினால் விளிம்பு கிழிந்துவிடும். எனவே, செஞ்சூடாகும் வரை காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தி மீண்டும் மென்மையாக்குவர். உருக்கை அப்படிக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால் கடினமாகும். செம்பு அதற்கு நேர்மாறு. ஒரு விளிம்பை மடக்கி முடிப்பதற்குள் பலமுறை இவ்வாறு காய்ச்ச நேரிடும். பிறகு, மூட்டுகளை வெள்ளி கலந்த பற்றுலோகத்தால் இணைப்பர்.

வளைவும் குடைவும் கொண்ட குழாய்த் திறப்பான்கள், தாங்கிகள் போன்றவற்றை வார்த்துத்தான் எடுக்க வேண்டும். இதற்கும் நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற சுவாமிமலைப் படிமங்கள், மெழுகில் உருவம் செய்து, மண்பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில்தான் உருவாகின்றன. நடராசர் திருமேனியின் விரல் நுனியைப் பிசிறின்றி வார்க்கும் அதே முறை, விரல் நுனியளவு எந்திர உறுப்பையும் வார்த்துத் தரும். ஆறும்போது உலோகம் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை சுருங்கும் என்பதால் மெழுகு உருவைச் சற்றே பெரிதாகச் செய்ய வேண்டும்.

கடைசியில் எல்லா உறுப்புகளும் அரத்துக்கு வந்து சேரும். தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர் பிரிவில் சேரும் மாணவருக்கு முதலில் கற்பிக்கப்படுபவற்றுள் அராவுதலும் ஒன்று. அரம் முன்னே செல்லும்போதுதான் வெட்டும். பின்னே இழுக்கையில் அழுத்தக் கூடாது. தள்ளும் தூரத்துக்கேற்ப இரு கைகளின் அழுத்தமும் மாறாவிட்டால், பரப்பு சமமாகாமல் நடுவில் மேடு தட்டும். நூலால் கற்க இயலாத, கையால் மட்டுமே கைமாறும் அறிவு இது.

கணினிவழி இயங்கும் கடைசல் எந்திரமும் முப்பரிமாண அச்சும் வந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஒரே உறுப்பை ஆயிரம் முறை செய்ய அவற்றுக்கு நிகரில்லை. ஆனால், வரைபடமே இல்லாத பழைய எந்திரத்தின் ஒற்றை உறுப்பைச் செய்ய, அது எப்படி உருவானது என்பதை ஊகித்தறியும் கை வேண்டும். 1855-இல் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட 'இ.ஐ.ஆர். 21' நீராவி ரயில் என்ஜின், நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்ற பின் 2010-இல் சென்னை பெரம்பூர் பணிமனையில் மீண்டும் ஓடத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வடிவமைக்கப்பட்ட நீலகிரி மலை ரயிலின் பல்சக்கர என்ஜின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை புதிதாகவே கட்டிக் காட்டியது. அந்தக் கைகள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கின்றன. நாளையும் இருக்குமா என்பதே கேள்வி.

இரசாயன ஆலைகள் நிறைந்த தொழிற்பேட்டை எதுவாயினும் கலன்களையும் குழாய்களையும் பொருத்தவும் பற்றவைக்கவும் தேர்ந்த தொழிலாளர்கள் வேண்டும். அவர்கள் ஓய்வுபெறும்போது, அவர்களோடு ஒரு கல்வியும் ஓய்வுபெற்றுவிடுகிறது. காலாவதியான எந்திரம் எடைக்குப் போடப்படும்போது, அதன் வரைபடமும் பழைய காகிதத்தோடு போய்விடுகிறது. இரண்டையும் தடுக்க ஓர் எளிய வழி உண்டு. கடலூர், சிதம்பரம் பகுதித் தொழிற்பயிற்சி மாணவர்களும், ஓய்வுபெற்ற ஃபிட்டர்களும் இணைந்து பரங்கிப்பேட்டை ஊதுலையையும் நெய்வேலியின் சுழல்வாளி எந்திரத்தையும் மாதிரிகளாகச் செய்யலாம். தேவையான தரவுகளுக்கான தேடலைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்திய அலுவலக ஆவணங்களிலும் தொடங்கலாம். மரபுச் சின்னங்களையும் பண்பாட்டையும் பாதுகாக்கும் பணிகளுக்குச் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிட 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே, தொழிற்பேட்டை நிறுவனங்கள் மனம் வைத்தால் பணம் ஒரு தடையாகாது.

அந்த மாதிரியில் ஓர் உறுப்பு மட்டும் விடுபடக் கூடாது. ஊதுலையின் அருகே, ஒரு டன் இரும்புக்குத் தேவைப்பட்ட மரக்கரிக் குவியலும் அதே அளவு விகிதத்தில் இருக்க வேண்டும். இரும்பைவிடப் பன்மடங்கு பெரிதாக நிற்கும் அந்தக் குவியல், உலை விழுங்கிய காடுகளை நினைவூட்டும். தொழில் வளர்ச்சி தந்ததையும் அதற்காக இழந்ததையும் ஒருசேரக் காட்டினால்தான் அது வரலாறு. சிப்காட்டின் நெடியைச் சுவாசித்து வளரும் பிள்ளைகளுக்கு அந்த இரண்டையும் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.