கையெழுத்து போட்டா அப்பீல் கிடையாது... மக்கள் நீதிமன்றம் போறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

கைமாத்தா கொடுத்த 80 ஆயிரம் ரூபாய் திரும்பி வரலை. பக்கத்து வீட்டுக்காரர் வேலியை ஒரு அடி தள்ளிப் போட்டுட்டார். இதுக்கெல்லாம் கோர்ட் ஃபீஸ் கட்டி, வருஷக்கணக்கா வாய்தாவுக்கு அலையணுமான்னு பலர் அப்படியே விட்டுடறாங்க. சிலர் ஏரியா பெரிய மனிதரிடமோ, காவல் நிலையத்துக்கோ போறாங்க. ஆனால் சிவில் தகராறில் கடனை வசூலித்துக் கொடுப்பது போலீஸின் வேலை இல்லை.

இதற்கென்றே இருப்பது வட்ட சட்டப் பணிகள் குழு. பெரும்பாலும் உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 1987-ம் ஆண்டு சட்டத்தின்படி இயங்கும் இந்தக் குழுவுக்கு, அந்தப் பகுதியின் மூத்த நீதிபதிதான் தலைவர்.

எப்படி மனு போடுவது?

வழக்கு போட்டிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. இரு தரப்பு முகவரி, என்ன பிரச்னை, என்ன வேண்டும் என்று எழுதி, புரோநோட்டு, பத்திரம் போன்றவற்றின் நகலை இணைத்துக் கொடுத்தால் போதும். கட்டணம் கிடையாது. எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போகும். ரெண்டு பேரையும் உட்கார வெச்சுப் பேசுவாங்க.

எதிராளி வரவே இல்லைன்னா? இங்கதான் இந்த முறையோட பலவீனம். அவரை ஒத்துக்கச் சொல்லி யாராலும் கட்டாயப்படுத்த முடியாது. சமரசம் ஆகலைன்னா நீங்கள் வழக்கம்போல வழக்கு தொடரலாம். ஆனால் ஒன்று: புரோநோட்டு கடனுக்கு வழக்கு போட பொதுவாக 3 வருஷம்தான் கெடு. பேசிட்டுதானே இருக்கோம்னு அதைக் கோட்டை விட்றாதீங்க.

சமரசம் ஆனால் என்ன நடக்கும்?

இதுதான் முக்கியம். மக்கள் நீதிமன்றத்தில், அதாவது லோக் அதாலத்தில், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்து போட்டதும் பிறப்பிக்கப்படும் உத்தரவு, சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம். எதிராளி சொன்னபடி பணம் தராவிட்டால், புது வழக்கு வேண்டாம். அந்த உத்தரவை வைத்தே நிறைவேற்று மனு போடலாம்.

அதே உத்தரவு உங்களையும் கட்டிப்போடும். அப்பீல் கிடையாது. மோசடி போன்ற மிகச் சில காரணங்களுக்காக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம், அவ்வளவுதான். 'கம்மியா ஒத்துக்கிட்டேன்'ங்கிறது அதில் ஒரு காரணமே ஆகாது.

அதனால் உட்கார்ந்திருக்கிறவங்க அவசரப்படுத்தினாலும் வாசித்துப் பாருங்கள். மொத்தத் தொகை எவ்வளவு, எத்தனை தவணை, எந்தத் தேதி, ஒரு தவணை தவறினால் என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்கணும். நிலத் தகராறு என்றால் சர்வே எண்ணும் நான்கு எல்லையும் சரியா என்று பாருங்கள். லோக் அதாலத் அதுவாகத் தீர்ப்பு சொல்ல முடியாது; உங்கள் சம்மதம் இருந்தால்தான் உத்தரவு. பிடிக்கலைன்னா 'ஒத்துவரலை'ன்னு சொல்லிட்டு எழுந்து வரலாம், அது உங்கள் உரிமை.

ஏற்கெனவே வழக்கு நடக்குதா? அதையும் மக்கள் நீதிமன்றத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். முடிந்தால், கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும்.

பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கையெழுத்துக்கு முன்னால் அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். விவரம் கேட்க: 15100.