உஷார்! கத்திரி வெயிலில் எர்த் கம்பி கைவிடும்

"ஏர் கூலரைத் தொட்டா லேசா சுர்ருங்குது. மத்தபடி காத்து நல்லாத்தான் வருது."

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் எலெக்ட்ரீஷியன்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், முதலில் எழுந்துபோய் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாருங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

மழைக்காலத்தில் கரன்ட் என்றால் எல்லோருக்கும் பயம் இருக்கிறது. சுவரில் ஓதம், சுவிட்சில் ஈரம் என்று தள்ளியே நிற்போம். கோடையில் அந்தப் பயம் விட்டுப்போகிறது. தரைதான் காய்ந்து கிடக்கிறதே, என்ன ஆகிவிடும் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். தரை காய்ந்து கிடப்பதுதான் இங்கே ஆபத்து.

வீட்டின் பக்கவாட்டில், காம்பவுண்டு ஓரமாக எர்த் குழி இருக்கும். கரியும் உப்பும் கொட்டி நடுவில் குழாய் இறக்கியிருப்பார்கள். மோட்டாரிலோ கூலரிலோ கரன்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் இழுத்துக்கொள்வது இதன் வேலை. மண்ணில் ஈரம் இருந்தால்தான் இழுக்கும். குழியின் மின்தடை 5 ஓம் என்று வையுங்கள். கூலரின் இரும்பு உடம்பில் 230 வோல்ட் கசிந்தால் 46 ஆம்பியர் மண்ணுக்குள் பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி. தாங்காமல் விழுந்துவிடும். அதே குழி வெயிலில் வறண்டு 30 ஓம் ஆகிவிட்டால் எட்டு ஆம்பியர்கூடப் பாயாது. எம்.சி.பி. அசையாது. உடம்பு முழுக்கக் கரன்டோடு கூலர் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குத் தண்ணீர் ஊற்ற அம்மா ஈரக்கையோடு போவார். குழந்தை போய்க் கன்னத்தை வைக்கும்.

நம் உடம்பும் கோடையில் பழைய உடம்பு இல்லை. காய்ந்த தோல் கரன்டை ஓரளவு தடுக்கும். வியர்த்து வழியும் கையும் வெறுங்காலுமாக நிற்கும்போது அந்தத் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். அப்படியானால் உடம்புக்குள் பாய்வது சுமார் 230 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே இதயத்துக்கு ஆபத்து. போன மாதம் சுர்ரென்றதோடு விட்ட அதே மோட்டார் இந்த மாதம் ஆளை விடாது என்பது இதனால்தான்.

எர்த் குழிக்குக் கோடை முழுக்க இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு, காலில் ரப்பர் செருப்போடு ஊற்றுங்கள். கசிவு இருந்தால் குழியைச் சுற்றிய மண்ணிலும் கரன்ட் இருக்கும். குழியையே சிமென்ட் போட்டு மூடி, மேலே டைல்ஸும் ஒட்டிய வீடுகள் எத்தனையோ. அப்படியிருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். கூலருக்கு மூன்று பின் பிளக்குதான் வேண்டும். இரண்டு பின் போதும் என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கூலரே வேண்டாம்.

இதைவிட முக்கியம் ஆர்.சி.சி.பி. எம்.சி.பி. இருக்கிறதே போதாதா என்று கேட்பவர்கள் அதிகம். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். இது எர்த் குழியை நம்பி இருப்பதில்லை. போன கரன்டும் திரும்பி வந்த கரன்டும் ஒத்துப்போகவில்லை என்றதும் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். அதில் 'T' என்று ஒரு பொத்தான் இருக்கும். இன்று அழுத்திப் பாருங்கள். கரன்ட் போகவில்லை என்றால் உங்கள் பெட்டியில் இருப்பது வெறும் பிளாஸ்டிக்.

மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் ஃபேனில் கை வைத்தேன் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்வர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை அணைத்த மறுநொடி இன்வர்ட்டர் விழித்துக்கொள்ளும். ஃபேன் லைனிலும் லைட் லைனிலும் அதே 230 வோல்ட் வந்து நிற்கும். இரண்டையும் அணைத்த பிறகுதான் ஏணியில் ஏற வேண்டும். யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், மெயினையும் இன்வர்ட்டரையும் அணைக்க ஓடுங்கள்.

தோட்டத்தில் மாங்காய் பறிக்கவும் முருங்கைக் கிளை ஒடிக்கவும் இப்போது எல்லோர் கையிலும் அலுமினியக் குழாயில் செய்த தொரட்டி. நீளமாக இருக்கிறது, கனமும் இல்லை. அது போய் 11,000 வோல்ட் கம்பியில் பட வேண்டும் என்றுகூட இல்லை, கிட்டத்தில் போனாலே பாய்ந்துவிடும். மூங்கில் தொரட்டியானாலும் கம்பி அருகே கொண்டுபோகாதீர்கள். கம்பியை உரசும் கிளையை வெட்டுவது மின்வாரியத்தின் வேலை. மின்னகம் எண் 94987 94987.

அடுத்தது சம்ப்பு. தண்ணீர் வற்றும் காலம்தானே, இப்போதே கழுவிவிடலாம் என்று மூடியைத் திறந்து இறங்குகிறார்கள். பல மாதம் மூடியே கிடந்த தொட்டியில் சேறும் பாசியும் அழுகி, மூச்சுக்காற்றைத் தின்று தீர்த்திருக்கும். வெயில் ஏற ஏற அழுகலும் வேகமெடுக்கும். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். பத்துக்குக் கீழே போனால் கத்தக்கூட நேரம் இருக்காது, ஆள் சுருண்டு விழுவார். புது வீட்டுச் சம்ப்பில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்குவது இன்னும் மோசம். ஊறிப்போன பலகையே அந்தக் காற்றைக் கெடுத்து வைத்திருக்கும், வாடையும் தெரியாது. மெழுகுவத்தி இறக்கிப் பார்த்து, எரிகிறது, இறங்கலாம் என்பார்கள். நம்பாதீர்கள். விஷவாயு இருந்தாலும் மெழுகுவத்தி எரியும்.

இதில் நெஞ்சை அறுப்பது அடுத்து நடப்பது. மேஸ்திரி விழுந்தார் என்று வீட்டுக்காரர் குதிப்பார், அவரைத் தூக்க மகன் குதிப்பான். ஒரே சம்ப்பில் இரண்டு பேர், மூன்று பேர் என்று நாம் செய்தியில் படிப்பதெல்லாம் இப்படி நடந்தவைதான். விழுந்தவர் உங்கள் தகப்பனாராகவே இருந்தாலும் இறங்காதீர்கள். 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். இறங்கியே ஆக வேண்டிய வேலை என்றால் முந்தின நாளே மூடிகளைத் திறந்து போடுங்கள், டேபிள் ஃபேனை வெளியே வைத்து உள்ளே காற்று அடியுங்கள், இறங்குபவர் இடுப்பில் கயிறு, கயிற்றைப் பிடிக்க மேலே ஆள். பெட்ரோலில் ஓடும் பம்ப்பை உள்ளே இறக்கவே கூடாது. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். செப்டிக் டேங்க் என்றால் பேச்சுக்கே இடமில்லை. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

வண்டி விஷயம் சுருக்கமாக. பைபாஸில் ஆவி பறக்க நின்ற காரின் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி தளர்ந்ததும் பொங்கி முகத்தில் அடிக்கும். அரை மணிக்கு மேல் பொறுத்து, மேல் ஹோஸ் கைக்கு ஆறியிருக்கிறதா என்று பார்த்துத் திறங்கள். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள். வெயிலுக்குக் காற்றைக் குறைத்து அடிக்கச் சொல்வது தவறான யோசனை. காற்று குறைந்த டயர்தான் நெளிந்து நெளிந்து சூடேறி வெடிக்கிறது.

ஏ.சி.க்கு 'கேஸ்' நிரப்ப வருபவர் லீக் பார்க்க எந்த சிலிண்டர் கொண்டுவருகிறார் என்று கேளுங்கள். நைட்ரஜன்தான் இருக்க வேண்டும். காற்றையோ ஆக்சிஜனையோ ஏற்றினால் கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். அவரை சன்ஷேடில் கயிறு இல்லாமல் நிற்க விடாதீர்கள்.

மாடியில் கூல் பெயின்ட் அடிக்க வந்தவரை உச்சி வெயிலில் நிறுத்தாதீர்கள். காலை பத்துக்குள், இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல். வேலை செய்பவர் சம்பந்தமில்லாமல் உளறினால், நடை தள்ளாடினால், தோல் அனலாகச் சுட்டால் வெயில் மூளையைத் தாக்கிவிட்டது என்று அர்த்தம். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள். நிழலுக்குத் தூக்கிவந்து, சட்டையைத் தளர்த்தி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.