பெரிய பூசணிக்கு ஏற்ற விதை எது?

கோல சிலாங்கூர், ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டக் குடியிருப்புகளில் வீட்டின் பின்புறம் பூசணிக்கொடி படர்ந்திருப்பது நாம் அறிந்த காட்சியே. (செம்மஞ்சள் சதையுடைய, சிலர் பரங்கி என்று வழங்கும் காயையே ஈண்டுக் குறிப்பிடுகிறோம், கல்யாணப் பூசணி வேறு இனம்.) காய்களுள் ஒன்று மற்றவற்றை விஞ்சிப் பருத்துவிட்டால், அதன் விதையைக் கழுவி உலர்த்தி அடுத்த நடவுக்கென எடுத்து வைக்கிறோம். அடுத்த முறையோ சிறு காய்களே காய்க்கின்றன. உடனே மண்ணின்மீது பழியைப் போடுகிறோம். மண்ணும் காரணமாக இருக்கலாம். ஆனால் முதற்கண் எழ வேண்டிய வினா வேறு: அந்த விதைக்குத் தந்தை யார்?

பூசணிக்கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே மலர்கின்றன. அடியில் சிறு பிஞ்சோடு தோன்றுவது பெண் பூ. நீண்ட காம்பில் வெறுமனே நிற்பது ஆண் பூ. விடியற்காலையில் விரியும் இப்பூக்கள் நண்பகலுக்குள் வாடிவிடும். அச்சிறு பொழுதிற்குள் தேனீக்கள் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அம்மகரந்தம் நம் கொடியினுடையதாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. நான்கு வீடு தள்ளியுள்ள கொடியினுடையதாகவும் இருக்கலாம். காயின் தோலும் சதையும் முற்றிலும் தாய்க்கொடி தருபவை. தந்தையின் குணமோ விதைக்குள் மட்டுமே அடங்கியிருக்கும். ஆகவே, காயின் தோற்றத்தைப் பார்த்துத் தந்தையை அறிய இயலாது.

மற்றொன்றும் உண்டு. மாட்டுக்கொட்டகைக்கு அருகே முளைத்த கொடி எருவுண்டு கொழுத்துப் பெருங்காய் காய்க்கும். அப்பருமன் எருவின் கொடை. விதையின் வழியே அது பிள்ளைக்குச் செல்லாது.

இவ்வுண்மையை நன்குணர்ந்து பெரும்பயன் கண்டவர் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்து விண்ட்சர் ஊரின் விவசாயி ஹாவர்ட் டில். பல்லாண்டு காலம் தெரிந்தெடுத்த கொடிகளையே ஒன்றோடொன்று சேர்த்து, ‘அட்லாண்டிக் ஜயண்ட்’ என்னும் வகையை அவர் உருவாக்கினார். 1981-இல் அவர் விளைவித்த காய் 493.5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 224 கிலோ எடையுடன் உலகச் சாதனை படைத்தது. 2023-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த போட்டியில் நிறுக்கப்பட்ட காயின் எடை 1,247 கிலோ! இன்றைய போட்டிக் காய்கள் பெரும்பாலும் டில் வளர்த்த வழியில் வந்தவையே.

அத்துறையினர் விதைக்குப் பெயரிடும் முறை நம் கருத்தைக் கவர்கிறது. காயின் எடை, வளர்த்தவர் குடும்பப் பெயர், ஆண்டு ஆகியவற்றோடு தாய் இன்னது, தந்தை இன்னது என்றும் குறித்து வைக்கின்றனர். திருமணத்திற்குக் குலங்கோத்திரம் விசாரிக்கும் நம்மவர்க்கு இது விந்தையாகத் தோன்றாது. மிகப் பெருத்த காய்கள் பல வெளிறிய நிறம் உடையவை. ஆதலால் நிறமும் வேண்டுவோர் எடை மிக்க வழியையும் நல்ல செம்மஞ்சள் வழியையும் இணைக்கின்றனர். ஒரு விதையின் உண்மை மதிப்பு, அதன் பிள்ளைகள் எவ்வாறு காய்த்தன என்பதைக் கண்ட பிறகே உறுதியாகும்.

விதையின் பெற்றோரை அறிவது நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனை நடவு 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகேயுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் நிகழ்ந்தது. (அவ்வூர் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படுகிறது.) அதை மேற்கொண்டவர் பிரெஞ்சு நாட்டுத் தோட்ட உரிமையாளர் ஆன்றி ஃபோகொன்னியே. பெயரில் தென்னையைக் கொண்ட தோட்டத்திற்குப் புகழ் தந்தது செம்பனை! அக்காலத்தில் நடப்பட்டது தடித்த ஓடுடைய தூரா வகை. தூராவைத் தாயாகவும் ஓடற்ற பிசிஃபெராவைத் தந்தையாகவும் கொண்டால், மெல்லிய ஓடும் மிகுந்த எண்ணெயும் உடைய தெனெரா கிடைக்கும் என்பதைக் காங்கோவில் ஆராய்ந்த பெயர்நார்ட், வண்டெர்வேயன் ஆகியோர் 1941-இல் வெளியிட்டனர். ஓட்டின் தடிப்பை ஆளும் மரபணுவை மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்களும் அவர்தம் கூட்டாளிகளும் 2013-இல் அறிவித்தனர்.

சிறு நிலம் வைத்திருப்போர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். நல்ல தெனெரா மரத்தடியில் தானே முளைத்த கன்று இலவசமாகக் கிடைக்கிறதே என்று நட்டால் என்ன நேரும்? மகரந்தமும் தெனெராவினுடையதாயின், நான்கில் இரண்டு கன்றுகளே தெனெராவாகும். ஒன்று தூரா, மற்றொன்று பெரும்பாலும் நல்ல குலை தராத பிசிஃபெரா. இழப்பு ஓராண்டோடு முடிவதன்று. மரம் நிற்கும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் நீடிக்கும்.

மீண்டும் பூசணிக்கு வருவோம். கனடாவின் இராட்சத விதையை வரவழைத்து இங்கு நடலாமா? பொருளை வீணாக்க வேண்டா என்பதே நம் கருத்து. அது நீண்ட கோடைப் பகலையும் குளிர்ந்த இரவையும் விரும்புவது. நமக்கோ ஆண்டு முழுதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரப் பகலும் வெப்பமான இரவுமே. நம் தாழ்நில வெம்மைக்கும் ஈரத்திற்கும் ஏற்றது, மலாய்க்காரர்கள் லாபு என்று வளர்க்கும் வேறோர் இனம். அதன் தோல் முற்றியபின் பழுப்பாக மாறினும், சதை நல்ல செம்மஞ்சளாக இருக்கும். வைட்டமின் ஏ-க்கு மூலமான நிறப்பொருள் அதில் உள்ளதால், குழந்தைகள் உள்ள இல்லங்களில் தோலின் நிறத்தைவிடச் சதையின் நிறத்தைப் பார்த்தே விதை எடுப்பது நன்று. கடையில் வாங்கும் கலப்பின விதை முதல் நடவில் சிறக்கும். அக்காயின் விதையை நட்டாலோ குணங்கள் பலவாறாகப் பிரிந்துவிடும்.

நோயின்றிப் படர்ந்து, ஒன்றல்ல, பல நல்ல காய்களைத் தந்த கொடியையே தெரிந்தெடுங்கள். மறுநாள் விரியவிருக்கும் பெண் மொட்டு ஒன்றையும் ஆண் மொட்டு இரண்டையும் மாலையிலேயே நூலால் கட்டிவிடுங்கள். காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவி, மீண்டும் கட்டுங்கள். அதே கொடியின் ஆண் பூவையும் பயன்படுத்தலாம். பூசணி அதனால் பெரிதும் நலிவதில்லை. காம்பில் வண்ணக் கயிறு கட்டினால் பின்னர் அடையாளம் தெரியும். காம்பு காய்ந்து, தோலில் நகம் பதியாத நிலையில் அறுத்து, மூன்று வாரம் வைத்திருந்து விதையை எடுங்கள். நிழலில் நன்கு உலர்த்திப் புட்டியில் இட்டு, தாய், தந்தை, ஆண்டு ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள்.

விதை எடுக்குமுன் சதையைச் சிறிது நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட வேண்டும். அக்காயைச் சமைக்கலாகாது, அதன் விதையையும் வைத்துக்கொள்ளலாகாது. அக்கசப்பு வயிற்றுக்குக் கேடு செய்வது, சமைத்தாலும் நீங்காது.