ஆடி மழையில் கோவளமும் கல்லாறும்



வளைகுடாவில் வேலை பார்க்கும் நமக்கு ஊருக்குப் போக வாய்க்கும் காலம் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை அப்போதுதான் வருகிறது. கேரளக் கரையிலோ அது தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலம். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஐந்து நாள் கோவளத்தில் தங்கப் போகிறோம் என்றதும், நண்பர்கள் பலரும் "மழையில் கடற்கரையில் என்னதான் செய்வீர்கள்?" என்று சிரித்தார்கள். போய் வந்த பிறகு அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. கூடவே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இரண்டையும் எழுதத்தான் இந்தக் கட்டுரை.

போனது ஐந்து பேர். நான், என் மனைவி, பதின்மூன்று வயது மகன், ஒன்பது வயது மகள், நாகர்கோவிலிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட என் அம்மா. பிள்ளைகள் இருவரும் பாலைவன நகரத்திலேயே வளர்ந்தவர்கள். நனைய நனைய மழையில் நடந்ததே இல்லை.

மழை எப்படிப் பெய்கிறது?

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்குவதற்கு வானிலைத் துறை வைத்திருக்கும் வழக்கமான நாள் ஜூன் 1. ஆண்டுக்கு ஆண்டு சில நாட்கள் முன்பின் ஆகும். அலெக்சாண்டர் பிரேட்டர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1987-ல் இந்த மழையின் வரவைப் பார்க்கக் கோவளத்துக் கரையில் காத்திருந்து, பிறகு அதன் பின்னாலேயே வடக்கே பயணம் செய்து, 1990-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

ஆனால் பருவமழை என்றால் இரவு பகலாக விடாமல் கொட்டும் என்று எண்ண வேண்டாம். திருவனந்தபுரம் கேரளத்தின் தென்கோடி. கோழிக்கோடு போன்ற வடபகுதிகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும்போது இங்கே சுமார் 1,800தான். அதிலும் ஒரு பங்கு வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. எங்கள் ஐந்து நாளில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று அடித்துப் பெய்தது. நடுவில் வெயில்கூட எட்டிப் பார்த்தது. ஒரு நாள் மட்டும் முழுக்க மழை. அன்று வராந்தாவில் உட்கார்ந்து கட்டன் சாயாவும் மரவள்ளிக் கிழங்கும் சாளைக் குழம்புமாகப் பொழுதைப் போக்கினோம். குற்றாலத்துச் சாரலில் நனைந்து பழகிய நம்மவர்களுக்கு இதன் சுகத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடல் ஏன் அப்படி மாறுகிறது?

கோவளத்தில் கலங்கரை விளக்கக் கரை, ஹவா கரை, சமுத்திரா கரை என்று மூன்று பகுதிகள் உண்டு. படங்களில் பார்த்த அகலமான மணல்வெளியைத் தேடிப் போன என் மகனுக்கு முதல் நாள் ஏமாற்றம். மணலைக் காணோம். அலை நடைபாதை வரைக்கும் ஏறி வந்துகொண்டிருந்தது.

மணல் தொலைந்து போகவில்லை. பருவக்காற்று எழுப்பும் உயரமான அலைகள் கரை மணலை அரித்துக் கொண்டுபோய்க் கடலுக்குள் சற்றுத் தள்ளித் திட்டாகக் குவிக்கின்றன. மழைக்காலம் முடிந்து கடல் அமைதியானதும் சிறிய அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவருகின்றன. கோவளம் போன்ற வளைவான கரைகளில் இது ஆண்டுதோறும் நடக்கும் போக்குவரத்து. சங்குமுகம் கடற்கரையில் அப்படி முழுவதும் திரும்பி வராமல் அரிப்பு மிஞ்சிவிட்டதால் சாலையே சேதமானதும் உண்டு.

இந்தத் திட்டுகளால் ஓர் ஆபத்து இருக்கிறது. கரைக்கு வந்து குவிந்த நீர், திட்டுகளுக்கு நடுவே உள்ள குறுகிய வழியாக வேகமாகக் கடலுக்குத் திரும்பும். மேலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். "இங்கேதான் பத்திரம்" என்று அங்கே இறங்குபவரைத்தான் அது இழுத்துக்கொண்டு போகும். அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. களைத்துப்போவோம். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு விலக வேண்டும். சிவப்புக் கொடி பறக்கும் நாளில், கடற்கரைக் காவலர் ஊதல் ஊதினால் மறுபேச்சில்லாமல் விலகிவிடுவதே நல்லது.

இன்னொன்று கள்ளக்கடல். கேரள மீனவர்கள் வைத்த பெயர். 2012-ல் யுனெஸ்கோவும் இதே சொல்லை ஏற்றுக்கொண்டது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடிக்கும் புயல்காற்று எழுப்பிய நெடிய அலைகள், பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றோ மழையோ இல்லாத நேரத்தில் திருடனைப்போல வந்து கரையேறும். மழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களில்தான் இது அதிகம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் இறந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீந்தாமல் என்ன செய்வது?

நிறையவே இருக்கிறது. மாலையில் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனோம். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாட்கள் விசைப்படகுகளின் இழுவலைக்குத் தடை. பாரம்பரிய வள்ளங்களுக்குத் தடை இல்லை. மற்ற கரைகளில் அலை மிஞ்சும்போது சுற்றுவட்டார ஊர்க்காரர்களும் விழிஞ்ஞத்தின் பாதுகாப்பை நாடி வருவதால், மழைக்காலத்தில்தான் இங்கே கூட்டம். மீன் ஏலத்தின் வேகத்தைப் பார்த்து என் மகள் வாயைப் பிளந்து நின்றாள். அதே விழிஞ்ஞத்தில் ஆய் மன்னர்களின் காலத்துப் பழமையும் இருக்கிறது, 2025 மே மாதம் திறக்கப்பட்ட பெரிய சரக்குத் துறைமுகமும் இருக்கிறது.

ஆடி அமாவாசைக்கு வர்க்கலையின் பாபநாசம் கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னோர்க்குப் பலி இடுவார்கள். அம்மா அங்கே போய் அப்பாவை நினைத்துக் கும்பிட்டு வந்தார். மலையாளிகளுக்கு இது கர்க்கடக மாதம். உடம்பைத் தேற்றிக்கொள்ளும் மாதம் என்று மூலிகை சேர்த்த கர்க்கடகக் கஞ்சி குடிப்பதும், எண்ணெய் தேய்த்துக்கொள்வதும் அவர்கள் வழக்கம். அந்தக் கஞ்சியை என் மனைவி விரும்பிக் குடித்தாள். பிள்ளைகள் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கல்லாற்றில் நடந்தது

நான்காம் நாள் மழை விட்டிருந்தது. பொன்முடிக்குப் போகலாம் என்று கிளம்பினோம். நெடுமங்காடு, விதுரை வழியாக, நகரத்திலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் கல்லாறு. அதைத் தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. கல்லாறு என்பது ஆற்றின் பெயர், ஊரின் பெயரும் அதுவே. பெயருக்கு ஏற்றபடி ஆறு முழுவதும் உருண்டு திரண்ட பாறைகள். காணி மக்கள் வாழும் பகுதி இது. பாம்புக்கடி வைத்தியத்தில் பெயர் பெற்று 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற லட்சுமிக்குட்டி அம்மா இந்தக் கல்லாற்றுக் காட்டைச் சேர்ந்தவர்தான். மலைக்கு அந்தப் பக்கம் நமது தாமிரபரணி இறங்குகிறது. இந்தப் பக்கத்துக் கல்லாறு வாமனபுரம் ஆற்றில் கலந்து முதலப்பொழியில் கடலைச் சேர்கிறது.

மீன்முட்டி அருவிக்குப் போகும் காட்டுப் பாதையை அன்று வனத்துறை அடைத்திருந்தது. சரி, ஆற்றிலாவது காலை நனைப்போம் என்று இறங்கினோம். தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. கணுக்கால் அளவுதான். மகன் பாறை பாறையாகத் தாவி நடு ஆற்றில் ஒரு பெரிய பாறையில் போய் உட்கார்ந்தான். தலைக்கு மேலே வெயில். பொன்முடிப் பக்கம் மட்டும் மேகம் மூடியிருந்தது. நான் அதைப் பார்த்தேன், பொருட்படுத்தவில்லை.

கரையிலிருந்த சாயாக்கடைக்காரர் திடீரென்று ஓடிவந்து, "மோனே, கேறி வா! வெள்ளம் வருந்நு!" என்று கத்தினார். மகன் சிரித்துக்கொண்டே கையசைத்தான். அதற்குக் காரணம் இருந்தது. நான்கு நாளாக உணவகங்களில் "சூடு வெள்ளம் வேணோ?" என்று கேட்டு, பதிமுகம் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு நீரைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். யாரோ குடிக்கத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள் என்று அவன் நினைத்துவிட்டான். வெள்ளப்பெருக்கு என்ற தமிழ்ப் பொருள் அவனுக்குத் தெரியாது. நாங்கள்தான் சொல்லித்தரவில்லையே!

திருவிதாங்கூர்ப் பேச்சு கேட்டு வளர்ந்த அம்மாவுக்குத்தான் சட்டென்று புரிந்தது. "மக்களே, ஆறு பெருகுது, ஓடியா!" என்று அவர் போட்ட சத்தத்தில் அவன் எழுந்தான். அதற்குள் தண்ணீரின் நிறம் காப்பிபோல மாறிவிட்டது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. கடைசி இரண்டு பாறைகளுக்கு இடையில் முழங்காலுக்கு மேல் ஓட்டம். கடைக்காரரும் நானும் கையைக் கொடுத்து இழுத்தோம். சில நிமிடங்களில் அவன் உட்கார்ந்திருந்த பாறை தெரியவில்லை.

இதை அங்கே மலவெள்ளம் என்கிறார்கள். மலைச்சரிவு செங்குத்தானது. ஆடி மாதத்து மண் ஏற்கெனவே நனைந்து ஊறியிருப்பதால் மேலே பெய்யும் மழையை உள்ளே இழுத்துக்கொள்ளாது. அப்படியே வழிந்து ஆற்றுக்கு வந்துவிடும். நாம் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டும் என்பதே இல்லை. கல்லாற்றில் வட்டக்கயம் என்ற ஆழமான பகுதி பல உயிர்களை வாங்கியிருக்கிறது. 2022 அக்டோபரில் மட்டும் ஒரே நாளில் மூன்று பேர் அங்கே இறந்தார்கள். இதையெல்லாம் சாயா ஆற்றிக்கொண்டே அந்த மனிதர்தான் சொன்னார். பணம் கொடுத்தேன். சாயாவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

மலைப்பக்கம் போகும் நாளில் வானிலைத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைப் பாருங்கள். மண்சரிவுக்குப் பயந்து பொன்முடிச் சாலையை மூடுவதும் உண்டு. ஆற்றில் நீர் கலங்கினாலோ, சருகு மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ பையை எடுக்கக்கூட நிற்காமல் மேலே ஏறுங்கள். காட்டில் அட்டை கடிக்கும், உப்புப் பொட்டலம் கையில் இருக்கட்டும். காய்ச்சிய நீரையே குடியுங்கள். மழைக்கால எலிக்காய்ச்சல் கேரளத்தில் சாதாரணம் என்பதால், காலில் புண்ணோடு தேங்கிய நீரில் நடக்க வேண்டாம். ஊர் திரும்பியபின் காய்ச்சல் வந்தால், மழைநீரில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். விமானக் கட்டணம் அந்த மாதங்களில் அதிகம்தான். தங்கும் விடுதிகளில் வாடகை குறைவு.

அடுத்த ஆடியிலும் போகலாம் என்று பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள். மகன் வெள்ளிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு முணுமுணுக்காமல் போகிறான். "பாட்டி சொன்னது ஒரே சொல்தானே அப்பா, அது எனக்கு எப்படித் தெரியாமல் போச்சு?" என்று ஒருநாள் கேட்டான். அந்தச் சாயாக்கடைக்காரருக்கு இங்கிருந்து ஒரு பெட்டி பேரீச்சம்பழம் எடுத்துப் போக வேண்டும் என்று அம்மா தொலைபேசியில் நினைவூட்டிக்கொண்டிருக்கிறார்.