பிறந்த மாதமும் சம்பளமும்: கணக்கைச் சோதித்த நிபுணர்கள்!

அதிகம் படித்தவர்களுக்கு அதிகச் சம்பளம் கிடைக்கிறது. ஆனால் அது படிப்பினால் மட்டும் வந்ததா? கெட்டிக்காரப் பிள்ளைதான் மேலும் மேலும் படிக்கிறது. அது படிக்காவிட்டாலும் நன்றாகச் சம்பாதித்திருக்கும் அல்லவா?

படிப்பின் பங்கை மட்டும் தனியாகப் பிரிப்பது எப்படி? ஜோஷுவா ஆங்ரிஸ்ட், ஆலன் குரூகர் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள் 1991-ல் ஒரு வழி சொன்னார்கள்.

பிறந்த மாதம்

அமெரிக்காவில், ஒரே ஆண்டில் பிறந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றாகவே பள்ளியில் சேர்ந்தனர். பல மாநிலங்களில் 16 வயது வரை கட்டாயப் படிப்பு. ஜனவரியில் பிறந்தவனுக்கு முதலில் 16 வயது நிரம்பும். அவன் படிப்பை நிறுத்தி விடலாம். டிசம்பரில் பிறந்தவன் மேலும் சில மாதம் படித்தாக வேண்டும்.

பிறந்த மாதம் யாரையும் கெட்டிக்காரன் ஆக்காது என்று அவர்கள் கருதினார்கள். ஆகவே, அதனால் வந்த படிப்பு வித்தியாசத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். இப்படிப் பயன்படும் விஷயத்துக்குக் "கருவி" என்று பெயர்.

3 லட்சத்துக்கும் அதிகமான ஆண்களின் விவரம் அலசப்பட்டது. ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்தால், சம்பளம் 100-க்கு 6 முதல் 8 வரை கூடும் என்று தெரிந்தது.

பொய்த் தேதிகள்!

ஆனால், பிறந்த மாதத்தால் வந்த படிப்பு வித்தியாசம் சுமார் ஒரு மாதம்தான்! ஒரு கணக்கில் பிறந்த காலாண்டுடன் ஆண்டையும் மாநிலத்தையும் சேர்த்து, சுமார் 180 கருவிகள் பயன்படுத்தப்பட்டன.

1995-ல் ஜான் பவுண்ட், டேவிட் யேகர், ரெஜினா பேக்கர் ஆகியோர் அதைச் சோதித்தனர். உண்மையான காலாண்டுகளை நீக்கி, கம்ப்யூட்டர் இஷ்டம்போல் கொடுத்த பொய்க் காலாண்டுகளைச் சேர்த்தனர். அப்போதும் 100-க்கு ஏறக்குறைய 6 என்றே விடை வந்தது! இந்தச் சோதனைக்கு யோசனை சொன்னவர் யார் தெரியுமா? அந்த ஆலன் குரூகரேதான்!

கருவிக்கு வலு இல்லாவிட்டால், படிப்பும் கெட்டிக்காரத்தனமும் கலந்த பழைய விடையே திரும்பி வருகிறது.

10 என்ற எல்லை

கருவி உண்மையிலேயே படிப்பை மாற்றுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதைக் காட்டும் எண்ணுக்கு "எஃப்" என்று பெயர். அது 10-க்குக் குறைந்தால் எச்சரிக்கை தேவை என்று டக்ளஸ் ஸ்டைகர், ஜேம்ஸ் ஸ்டாக் இருவரும் 1997-ல் எழுதினர். 180 கருவிக் கணக்கில் அது 10-க்கு வெகு கீழே இருந்தது.

குரூகர் 2019-ல் காலமானார். ஆங்ரிஸ்டுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

லட்சக்கணக்கானோரின் விவரம் என்பதற்காக ஒரு கணக்கை நம்பிவிட முடியாது. தராசு சரியா என்று பார்த்த பிறகே சரக்கை நிறுக்க வேண்டும்.