புயலுக்கு அணையாகும் ஜன்னல் கதவுகள்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. வெள்ளத்திற்கு அணை உண்டு. புயலுக்கு எது அணை? வங்கக் கடலில் எழும்போது நாம் புயல் என்று அழைக்கும் அதே சுழற்காற்றுக்கு அட்லாண்டிக் பெருங்கடலில் 'ஹரிக்கேன்' என்று பெயர். அங்கே ஜூன் முதல் நாளிலிருந்து நவம்பர் 30 வரை புயற்பருவம். அமெரிக்காவில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஃபுளோரிடா மாநிலத்தில், இப்பருவம் தொடங்குமுன் முன்யோசனையுள்ள இல்லத்தார் முதலில் கவனிப்பது ஜன்னல்களை. ஏன் ஜன்னல்? அதற்கு எத்தகைய கதவு? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்போம்.

கண்ணாடி உடைந்தால் கூரை போகும்

ஜன்னல் உடைந்தால் கண்ணாடிதானே போயிற்று, வேறு மாட்டிக்கொள்ளலாம் என்று நாம் எண்ணலாம். அப்படியன்று. புயற்காற்று கூரையின்மேல் விரைந்து செல்லும்போது அதை மேல்நோக்கி இழுக்கிறது. ஜன்னல்கள் மூடியிருக்கும்வரை நன்கு கட்டிய கூரை அந்த இழுப்பைத் தாங்கி நிற்கும். ஒரு ஜன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்துவிட்டால், அது உள்ளிருந்தும் கூரையைத் தள்ளுகிறது. வெளியே இழுப்பு, உள்ளே தள்ளல். இரண்டும் சேர்ந்தால் கூரை பெயர்ந்துவிடும். எதிர்க்காற்று புகுந்த குடை என்ன பாடு படுகிறது என்பதை நாம் மழைக்காலத்தில் கண்டிருக்கிறோம் அல்லவா? கூரை போனபின் சுவர்களுக்கும் பிடிப்பில்லை. ஆகவே ஜன்னல் கதவு காப்பது கண்ணாடியை மட்டுமன்று. வீட்டையும் அதில் உள்ள உயிர்களையும் காக்கிறது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். அத்துடன் காற்று தூக்கி எறியும் ஓடு, மரக்கிளை, பலகைத் துண்டு ஆகியவையும் கண்ணாடியைப் பதம் பார்க்கின்றன.

1992 கற்பித்த பாடம்

1992ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் அதிகாலையில் 'ஆண்ட்ரூ' என்னும் புயல் மயாமி நகருக்குத் தெற்கே கரையேறியது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 265 கிலோமீட்டர். ஹோம்ஸ்டெட் என்னும் ஊரும் அதன் சுற்றுப்புறமும் சிதைந்தன. பல்லாயிரம் வீடுகள் அழிந்தன. ஜன்னலோ கார் நிறுத்தும் கொட்டகையின் கதவோ உடைந்து, அதனால் கூரையை இழந்த வீடுகள் பல என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள்.

1994இல் அப்பகுதியின் கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. புதிய வீடுகளின் ஜன்னல்களுக்குப் புயற்கதவாவது, அடி தாங்கும் கண்ணாடியாவது இருந்தே தீரவேண்டும் என்றாயிற்று. அக்கதவுகளுக்குப் பரீட்சையும் உண்டு. ஏறக்குறைய 4 கிலோ எடையுள்ள மரக்கட்டையை மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் அதன்மேல் எய்வார்கள். அந்த அடியைத் தாங்கினால் மட்டும் போதாது. பின்னர், புயற்காற்று செய்வதுபோலவே, ஆயிரம் தடவைக்கு மேல் அழுத்தியும் இழுத்தும் பார்ப்பார்கள். நம் அரையாண்டுத் தேர்வு எவ்வளவோ மேல் எனலாம்!

எதைத் தேர்ந்தெடுப்பது?

மிக மலிவானது பிளைவுட் பலகை. ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையை ஜன்னல் அளவுக்கு முன்கூட்டியே அறுத்து, துளையிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். புயல் அறிவிப்பு வந்தபின் கடைக்கு ஓடினால் நீண்ட வரிசைதான் காத்திருக்கும்.

அடுத்தது எஃகு அல்லது அலுமினியத்தாலான நெளிவுத் தகடு. சுவரில் நிலையாகப் பதித்த சட்டத்தில் இதை மாட்டி முடுக்குவார்கள். வலிமை மிக்கது, விலையும் குறைவு. ஆனால் விளிம்பு கையை அறுக்கும். மாடி ஜன்னலுக்கு ஏணி வேண்டும். எந்தத் தகடு எந்த ஜன்னலுக்கு என்று எண்ணிட்டு வைக்காவிட்டால் கடைசி நேரத்தில் திண்டாட வேண்டியதுதான்.

மூன்றாவது மடிப்புக் கதவு. ஹார்மோனியத்தின் துருத்திபோல் ஜன்னலின் இரு பக்கமும் மடிந்து நிற்கும். இழுத்துப் பூட்டினால் போதும். ஒருவரே வீடு முழுவதையும் மூடிவிடலாம். உப்புக்காற்றால் தடம் இறுகிப்போகாமல் அவ்வப்போது துடைத்துவர வேண்டும்.

நான்காவது சுருள் கதவு. நம் கடைத்தெருவில் காணும் ஷட்டர் போன்றதுதான். விசையை அழுத்தினால் இறங்கும் வகையும் உண்டு. விலை அதிகம். மின்சாரம் நின்றால் கையால் சுழற்றும் பிடி இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

கடைசியாக, அடி தாங்கும் கண்ணாடி. இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விரிசல் விழுந்தாலும் சிதறாது. மூட வேண்டிய வேலையே இல்லை. ஆனால் எல்லாக் குடும்பத்தாலும் வாங்க இயலாத விலை.

இவற்றுள் எது சிறந்தது? விலையையும் வலிமையையும் மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. மாடி வீட்டில் தனியே வாழும் ஒரு பாட்டியாரை எண்ணிப் பார்ப்போம். உறுதியான தகடுகள் கொட்டகையில் அடுக்கியிருக்கின்றன. நாளை மாலை புயல். ஏணியில் ஏறுவது யார்? அண்டை வீட்டாரோ தத்தம் ஜன்னல்களை மூடும் பரபரப்பில் இருப்பார்கள். அத்தகடுகள் இருந்தும் இல்லாதவையே. ஆகவே, வீட்டில் உள்ளவர்கள் தம் கையாலேயே உரிய நேரத்தில் மூடக்கூடிய கதவே சிறந்த கதவு.

மறக்கக் கூடாதவை

எக்கதவானாலும் உறுதியான சுவரில் பொருத்த வேண்டும். ஜன்னல் சட்டத்தில் பொருத்தினால் சட்டத்தோடு பிடுங்கிக்கொண்டு போகும். கண்ணாடிமேல் பெருக்கற்குறியாக நாடா ஒட்டுவதால் பயனில்லை. உடைந்தால் பெரிய பெரிய துண்டுகளாக விழுந்து ஆபத்தையே கூட்டும். காற்றழுத்தம் சமமாகட்டும் என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைப்பதும் தவறு. புயலை நாமே வரவேற்றதாகும்.

எந்தக் கதவும் கடல் நீரைத் தடுக்காது. வெளியேறுங்கள் என்று அதிகாரிகள் அறிவித்தால் வெளியேறத்தான் வேண்டும். புயல் கடந்தபின் கதவுகளை விரைவில் திறந்துவிட வேண்டும். மூடிய வீட்டில் தீப்பற்றினால் தப்ப வழியிராது.

புயலை நிறுத்த நம்மால் ஆகாது. அது வருமுன் ஜன்னலை மூட நம்மால் ஆகும். நம் வீட்டு ஜன்னலை மூடியபின், பக்கத்து வீட்டுப் பாட்டியாரின் ஜன்னலையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோமா?