தை பிறந்தால் மூட்டை கட்டும் பிள்ளைகள்

மார்கழியில் விழுப்புரம் மாவட்டத்து அவலூர்பேட்டை வட்டாரப் பிள்ளைகளை எழுப்பிவிடுவது கோயில் ஒலிபெருக்கிதான். விடிவதற்கு முன்பே பாட்டுப் போட்டுவிட்டால், வாசல் தெளிக்கிற அம்மாவோடு பிள்ளைகளும் எழுந்தாக வேண்டும். கோலத்தின் நடுவில் சாணி உருண்டை வைத்து, அதில் பரங்கிப்பூ செருகுவது அவர்கள் வேலை. அது முடிந்ததும் பஜனை. தொன்னையில் சுடச்சுடப் பொங்கல் வாங்கித் தின்றுவிட்டு, காதைச் சுற்றி அப்பாவின் துண்டைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கு வருகிற பிள்ளை, அங்கே மறுபடியும் தட்டை நீட்டும். குளிர்காலத்துப் பசி அப்படி.

கிராமத்துத் தொடக்கப் பள்ளியின் பனிக்காலச் செய்திகளில் முதலாவது, அந்தத் தட்டுதான். 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று. சமைப்பவர்கள் உள்ளூர் மகளிர் குழுப் பெண்கள். பல இடங்களில் அதே பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள். ஒன்பது மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும் என்பதால், பனி விலகுவதற்கு முன்பே அடுப்புப் பற்றிவிடும். வகுப்பறைச் சிமென்ட் தரை ஐஸ் மாதிரி இருக்கும் அந்த நேரத்தில், பிள்ளைகள் கூட்டமாக நிற்கிற இடம் சமையற்கட்டு வாசல்தான்.

தீபம், மாவலி, தேர்வு

மழையும் பனியும் கைகோத்து வருகிற காலம் இது. கார்த்திகையில் பாதி நாட்கள் 'இன்னைக்கு லீவா?' என்ற கேள்வியிலேயே போகும். அடுத்து தீபம். திருவண்ணாமலையில் 'அவலூர்பேட்டை ரோடு' என்றே ஒரு சாலை இருக்கிறது. இரண்டு ஊருக்கும் அவ்வளவு போக்குவரத்து. ஆனால் நடுவில் மாவட்ட எல்லை ஓடுகிறது. உள்ளூர் விடுமுறை அந்தப் பக்கத்துக்கு. விடுமுறை எடுத்துக்கொள்ளும் உரிமை இந்தப் பக்கத்துக்கு!

தீபத்துக்குப் பிள்ளைகள் செய்கிற மாவலியைப் பார்த்திருக்கிறீர்களா? ஆண் பனையின் பூக்காம்புகளைப் பொறுக்கி வந்து மூட்டம் போட்டுக் கரியாக்குவார்கள். அதை இடித்துத் தூளாக்கிப் பழந்துணியில் இறுக்கச் சுருட்டுவார்கள். பனைமட்டையைப் பிளந்த சிம்புகளுக்கு நடுவே அதை வைத்துக் கட்டி, கயிறு கோத்து, நெருப்பு வைத்துத் தலைக்கு மேலே சுழற்றினால் பொறி வட்டமாகக் கொட்டும். கரி ஈரமாக இருந்தால் புகையும். துணி தளர்ந்தால் சீக்கிரம் எரிந்துபோகும். நாலாம் வகுப்புப் பையன் இந்த நுணுக்கத்தையெல்லாம் வரிசை பிசகாமல் சொல்வான். சொன்னதையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது வரியில் பேனா நின்றுவிடும்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2022–23இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும், எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளை 'அரும்பு', அதைத் தாண்டியது 'மொட்டு', வகுப்புக்கேற்ற நிலையில் இருப்பது 'மலர்'. விழுப்புரம் மாவட்டத்துக்குக் கற்றல் இடைவெளி புதிய சேதியும் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டதே இதே மாவட்டத்தின் மரக்காணம் பகுதியில்தான்.

டிசம்பரில் பாரதி பிறந்த நாளுக்கு முண்டாசும் மீசையுமாக நாலைந்து பாரதிகள், இரண்டாம் பருவத் தேர்வு, அரையாண்டு விடுமுறை. திறந்ததும் மூன்றாம் பருவப் புத்தகம். அட்டை மணம் மாறுவதற்குள் பள்ளி வளாகத்திலேயே சமத்துவப் பொங்கல். டீச்சர்கள் ஒரே நிறத்தில் புடவை, பிள்ளைகள் வேட்டியும் பாவாடையும். இடைவேளையில் பனங்கிழங்கு நார் உரித்துத் தின்பது இந்தப் பருவத்துக்கே உரியது. போகிக்கு மேளம், காணும் பொங்கலுக்குச் செஞ்சிக் கோட்டை, தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழா. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமானதில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பெருமை தாங்கவில்லை. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. கோட்டையின் ராஜகிரி மலையில் ஏற ஏற்ற பருவம் இந்தக் குளிர்காலம்தான். வெயில் முற்றிவிட்டால் பாறை சுடும்.

இதுவரை எல்லாம் நல்ல சேதி. படம் எடுத்துப் போடத் தோதான சேதியும்கூட. ஆனால் கோலம், பொங்கல், கோட்டை என்று பக்கத்தை நிரப்பிவிட்டு நகர மனம் வரவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற அன்றைக்கு, வருகைப் பதிவேட்டில் விழுகிற 'வரவில்லை'களை யார் படம் எடுப்பது?

எட்டே நாள் பள்ளி

முதலில் நாள் கணக்கைப் பார்த்துவிடலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. பள்ளிகள் நாட்கணக்கில் மூடிக் கிடந்தன. பிறகு அவசர அவசரமாகப் பாடம். டிசம்பர் 24 முதல் அரையாண்டு விடுமுறை. ஜனவரி 2ஆம் தேதி திறந்தார்கள். 14 முதல் 19 வரை தொடர்ந்து ஆறு நாள் பொங்கல் விடுமுறை. ஆக, 2025 ஜனவரியின் முதல் பத்தொன்பது நாட்களில், சனி ஞாயிறு கழித்தால், பள்ளி நடந்தது எட்டே நாள்!

விடுமுறை கூடாது என்று எந்த மனிதரும் சொல்ல மாட்டார். புயலில் பிள்ளைகளை யார் அனுப்புவது? பொங்கலை எப்படி விடுவது? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் என்று சொல்கிறது. சனிக்கிழமைகளைச் சேர்த்து ஈடுகட்டிவிடலாம். பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு இந்த நாட்கள் திரும்பக் கிடைத்துவிடும்.

வராத பிள்ளைக்கு?

"பொங்கல் முடிஞ்சா சூளைக்குப் போயிடுவோம் டீச்சர்." விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் மானாவாரிக் கிராமங்களில், ஆசிரியர்கள் காதுக்குப் பழகிப்போன வாக்கியம் இது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் செங்கல் அறுப்புத் தொடங்கிவிடும். ஈர மண்ணில் கல் காயாது. அதனால் சூளைக்குத் தை முதல் ஆனி வரைதான் வேலை. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துச் சூளைகளுக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி, பண்டிகைச் செலவு கழுத்தை நெரிக்கிற நேரம் பார்த்து முன்பணத்தோடு வருவார். கரும்பு வெட்டுக்கும் இதுதான் பருவம். இப்படிப் போகிறவர்களில் இருளர் குடும்பங்கள் கணிசம். முன்பணம் வாங்கிவிட்டால் கணவன், மனைவி, கைக்குழந்தை, இரண்டாம் வகுப்புப் பெண், நாலாம் வகுப்புப் பையன் என்று வீடே கிளம்பும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. கல் கூடினால் கடன் குறையும். எனவே அறுத்த கல்லை வெயிலில் திருப்பிப் போடவும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் சின்னக் கைகள் தேவைப்படும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். முன்பணத்தை வைத்து ஆளைக் கட்டிப்போடுவது இன்னும் முழுசாக ஒழியவில்லை என்பதற்குச் சூளைகளில் நடக்கும் மீட்பு நடவடிக்கைகளே சாட்சி.

ஜூனில் அந்தப் பையன் திரும்பி வருவான். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் ஐந்தாம் வகுப்பில் உட்காருவான். நல்ல ஏற்பாடுதான், அதே வகுப்பில் மறுபடி உட்கார வைத்தால் அவன் பள்ளிப் பக்கமே வராமல் போய்விடுவான். ஆனால் நாலாம் வகுப்பின் மூன்றாம் பருவம் அவனுக்கு நடக்கவே இல்லை. போன வருடமும் நடக்கவில்லை. ஆண்டுக்கு மூன்று பருவம். ஐந்து ஆண்டும் மூன்றாம் பருவத்தை இழக்கிற பிள்ளை, தொடக்கப் பள்ளியை முடிக்கும்போது ஐந்து பருவங்களை இழந்திருக்கும். ஒன்றரை ஆண்டுக்கும் மேற்பட்ட படிப்பு! 'அரும்பு' அரும்பாகவே நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

"வயித்துப் பாட்டுக்குப் போறவங்களைத் தடுத்தா, சோறு யார் போடுவது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பெற்றோரைத் தடுக்க யாரும் சொல்லவில்லை. பிள்ளையின் படிப்பு அவர்களோடு சேர்ந்து மூட்டைக்குள் போகாமல் இருக்க வழி உண்டா என்பதே இங்கே பேச்சு.

வழி இருக்கிறது

சட்டத்தில் குறையில்லை. இடம் பெயரும் பிள்ளை எந்த ஊர் அரசுப் பள்ளியிலும் சேரலாம்; மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. சூளைக்குப் பக்கத்துப் பள்ளியிலும் காலை உணவு, மதிய உணவு, புத்தகம் எல்லாம் உண்டு. பிள்ளைக்குக் கல்வித் துறை கொடுத்த 'எமிஸ்' என்ற அடையாள எண் இருக்கிறது. எந்தப் பள்ளிக்குப் போனாலும் அது கூடவே வரும். பெற்றோர் வெளியூர் போனாலும் பிள்ளை தங்கிப் படிக்க உண்டு உறைவிடப் பள்ளிகளும், சில இடங்களில் பருவகால விடுதிகளும் இருக்கின்றன.

கோளாறு நேரத்தில் இருக்கிறது. பொதுவாக ஒரு மாதம் தொடர்ந்து வராத பிறகுதான் ஒரு பிள்ளையை இடைநின்றதாகக் கணக்கில் எடுக்கிறார்கள். பொங்கலோடு கிளம்பிய பிள்ளை கணக்கில் ஏறும்போது மாசி பிறந்து நாளாகியிருக்கும். தேடி, கண்டுபிடித்து, பேசி, சேர்ப்பதற்குள் ஆண்டுத் தேர்வு வந்துவிடும். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு மாதப் பொறுமை சரி. வருடா வருடம் தை மாதம் கிளம்புகிற பிள்ளைக்கு அது எதற்கு? எந்தத் தெருவில் எந்த வீடு பூட்டப்படும் என்று வகுப்பு டீச்சருக்கு டிசம்பரிலேயே தெரியும். தெரிந்ததை எழுதிவைக்கத்தான் பதிவேட்டில் இடமில்லை.

ஆகவே செய்ய வேண்டியது சின்ன வேலை. சமத்துவப் பொங்கல் வைக்கிற அதே நாளில், பெற்றோர் எல்லோரும் வந்திருக்கும்போதே, 'வெளியூர் போகிற குடும்பங்கள்' என்று ஒரு பட்டியல் எடுத்துவிடலாம். எந்த ஊர், எந்த மேஸ்திரி, எந்தச் சூளை, எத்தனை பிள்ளைகள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்கள்தான். யாரும் சொல்லத் தயங்காத இடம் அது. தாத்தா பாட்டியோடு தங்க முடிந்த பிள்ளை எது, விடுதிக்கு அனுப்ப வேண்டிய பிள்ளை எது, கூடவே போயே தீர வேண்டிய பிள்ளை எது என்று அங்கேயே பிரித்துவிடலாம். கூடப் போகிற பிள்ளையின் எமிஸ் எண்ணைச் சூளைக்குப் பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னால் அரை நாளில் வேலை முடிந்தது. இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் இதையும் ஆசிரியர் தலையில் ஏற்றுவதா என்றால், வேண்டாம். குழுவில் உள்ள அம்மாக்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஜனவரி 26 குடியரசு தினம். காலையில் பள்ளியில் கொடியேற்றம், மிட்டாய், பிள்ளைகளின் நடனம். அன்றைக்கே கிராம சபையும் கூடுகிறது. குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை பற்றிப் பேசுகிற அதே சபையில், பொங்கலுக்குப் பிறகு பள்ளிக்கு வராத பிள்ளைகள் எத்தனை, அவர்கள் இப்போது எங்கே படிக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளை யாராவது எழுந்து கேட்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

கேட்க வேண்டியது அவலூர்பேட்டைக்காரர்கள் மட்டும் இல்லை. சென்னைப் புறநகரில் இந்தச் செங்கல்லில்தான் வீடுகள் எழும்புகின்றன. சூளையை ஒட்டிய சாலையில் போகும்போது, பள்ளி நேரத்தில் கல் திருப்பிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அழைக்கக் காசு கிடையாது.